கோப்பில் நான் போட்டிருந்த 'நன்று'

என் குழுவில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவெடுத்ததும் நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். ஒரு கடிதம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று நினைப்பு. அங்கிருந்தவர் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். இரண்டு ஆண்டு மதிப்பீட்டிலும் நான் அனுப்ப நினைத்தவருக்கு 'நன்று' என்று இருந்தது. போட்டது நான்தான்.

மனம் நோகக் கூடாதே என்று போட்டது. அவருடைய அறிக்கைகள் தாமதமாக வருவதும், அதிலுள்ள தப்புகளை மற்றவர்கள் உட்கார்ந்து திருத்துவதும் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் சொன்னதில்லை.

சட்ட ஆலோசகர், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டினார். எண் 158. வேலைநீக்கத்துக்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். திறமைக் குறைவோ நடத்தையோ காரணம் என்றால், அனுப்பும் முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். கடுமையான ஒழுங்கீனம் இல்லையென்றால், நோட்டீஸ் காலமோ அதற்கு ஈடான பணமோ தர வேண்டும். இதை ஏற்காத நாடுகள்தான் அதிகம், சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. இருந்தாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதில் வைத்துப் பார்த்தால் என் கோப்பு முதல் படியே தாண்டாது.

ராஜினாமா எழுதி வாங்கிவிடுங்கள், சுலபம் என்று சக மேலாளர் ஒருவர் யோசனை சொன்னார். வற்புறுத்தி வாங்கும் ராஜினாமாவைப் பல நாடுகளில் நீதிமன்றங்கள் வேலைநீக்கமாகவே எடுத்துக்கொள்ளும். அது கிடக்கட்டும், அப்படிச் செய்ய எனக்கே கூசியது.

சரி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று மாத அவகாசம். எந்த அறிக்கை, எந்தத் தேதி, என்ன தப்பு என்று எழுத்தில் கொடுத்தேன். வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து பேசினோம். முதல் நாளே, "இத்தனை நாள் ஏன் சார் சொல்லவே இல்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முதல் மாதம் நிஜமாகவே தேறினார். வேலையில் இருத்திக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் பழைய கதைதான்.

கடைசி நாளில் ஒரு தப்பு நடந்தது. கணினிப் பிரிவிடம் அவருடைய கணக்கை "இன்று" மூடச் சொல்லியிருந்தேன், நேரம் சொல்லவில்லை. அவர்கள் காலையிலேயே மூடிவிட்டார்கள். என் அறைக்கு வந்தவர், "லாகின் ஆகவில்லை சார், கொஞ்சம் அவர்களிடம் சொல்லுங்களேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன். இன்னும் ஒரு மாதம் தரமுடியுமா என்றார். பார்க்கலாம் என்று வாய்வரை வந்தது. முடிவெடுத்தாகிவிட்டது என்றேன். எனக்கும் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு அவர் எனக்கு ஆறுதல் சொல்லவா முடியும்?

நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், பணிச் சான்றிதழ் எல்லாம் உறையில் தயாராக இருந்தன. அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன். குழுவிடம், அவர் இனி இங்கே இல்லை, அவர் வேலையை யார் யார் பார்ப்பார்கள் என்பதை மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே மற்றவர்களின் மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு பேருக்கு அதே 'நன்று'. மறுநாள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன்.