மரத்தைக் கவ்விக் கேட்டவர்

டாக்டர் இசைக்கவையைத் தட்டி அப்பாவின் காதருகே பிடித்தார். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

அதையே காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினார்.

"கேக்குதுடா! உள்ள கேக்குது!"

என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எடிசன் நினைவுதான்.

சிறுவயதிலேயே காது மந்தமானவர். அவர்தான் 1877இல் உருளையில் வெள்ளீயத் தாளைச் சுற்றி, ஒரு குழந்தைப் பாட்டைச் சொல்லி, அதைக் கருவியே திருப்பிச் சொல்லக் கேட்டார்.

பின்னாளில் பாட்டுக் கேட்க, போனோகிராஃப் என்ற அந்தக் கருவியின் பெட்டி மரத்தைப் பற்களால் கவ்விக்கொள்வார். அதிர்வு பல்லிலிருந்து தாடைக்கும், மண்டையோட்டு வழியாக உட்காதுக்கும் போகும். அந்த மரத்தில் பல் தடம் பதிகிற அளவுக்குக் கடித்திருக்கிறார்!

அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள். அவற்றுக்குப் பின்னால் மென்லோ பார்க் ஆய்வகத்தில் அவரோடு இருந்து உழைத்த பலர் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1931 அக்டோபரில் அவர் இறந்தபோது, அதிபர் ஹூவர் கேட்டுக்கொண்டபடி, அடக்கம் நடந்த அன்றிரவு நாடெங்கும் மக்கள் ஒரு நிமிடம் விளக்கை அணைத்தார்கள்.

எனக்கு என்னவோ அந்த விளக்குகளைவிட, கடிபட்ட மரம்தான் பெரிதாகத் தெரிகிறது. கேட்டே ஆகவேண்டும் என்ற அந்தத் தவிப்பு.

ராத்திரி பார்த்தால், அப்பா பழைய ரேடியோப் பெட்டியின் மேல் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன.

நான் பக்கத்தில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டேன்.