மகாலைக் காணோம்

கணக்கில் நான் எப்போதும் பார்டர் பாஸ்தான். அப்படிப்பட்டவன் காம்பஸும் ஸ்கேலுமாக மதுரைக்குப் பஸ் ஏறியதற்குக் காரணம் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், அல்ஜீப்ரா நோட்டைப் பிரித்துப் போட்டதுபோல் குறிகளும் கட்டங்களும் கிறுக்கல் எழுத்துகளும் இருக்கும். உட்கார்ந்து தீர்க்கப் பார்த்தால் விடை வராது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரைகிற எனக்கு அது போதுமானதாக இருந்தது; அதே மாதிரி மதுரையை வரைந்து பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

காலையில் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான் என்பார்கள். எல்லோரும் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மன்னர் கொலுவிருந்த மண்டபமான சொர்க்க விலாசத்தில் அண்ணாந்தபடி நின்றேன். கீழே சதுரம். நான்கு மூலைகளிலும் குறுக்கே ஒரு வளைவைப் போட்டதும் அது எண்கோணமாகிவிடுகிறது. எண்கோணத்தின்மேல் வட்டமாகக் குவிமாடம் உட்கார்ந்திருக்கிறது. உத்தரம் கிடையாது, செங்கலும் சுண்ணாம்பும்தான். எட்டாம் வகுப்பில் இதைக் காட்டி ஜியோமிதி நடத்தியிருந்தால்... சரி, அது போகட்டும்.

முதல் தாளில் மகாலையே வரைந்தேன். சுதை வேலைப்பாட்டை எல்லாம் இழுக்கப் போய், கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் தாளில் சுதைச் சிற்பங்களை விட்டேன். மூன்றாவதில் தூண்களையும் விட்டேன். வளைவின் விளிம்பிலிருக்கும் இதழ் ஒவ்வொன்றும் வட்டத்தின் ஒரு துண்டு என்பது காம்பஸை வைத்த பிறகுதான் தெரிந்தது. நான்காம் தாளில் மிஞ்சியவை அந்தத் துண்டுகளும், தரையில் விழுந்த நிழலும். எட்டிப் பார்த்த காவலாளி, “என்ன சார், மகாலக் காணோம்?” என்றார். நியாயமான கேள்வி.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. அப்புறம் தெருக்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, பழைய கோட்டை மதில் இருந்த இடத்தில் வெளி வீதி. மேப்பில் சதுரத்துக்குள் சதுரம். நடந்தால் ஒன்றும் சதுரமில்லை. வெளியே போகப் போகக் கோணல் கூடுகிறது. ஸ்கேல் வைத்து நான் போட்ட கோடுகளைவிட அந்தக் கோணல் அழகாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில், மாசி வீதியை ஒட்டிய சந்தொன்றில் ஓர் அம்மா, புள்ளிகளைச் சுற்றிக் கோட்டை வளைத்து இழுக்கும் கம்பிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒண்ணுல முடியும்” என்றார். வரிசை வரிசையாக எண்ணினேன். 1, 3, 5, 7 சேர்ந்து 16. எதிர்ப்பக்கம் 5, 3, 1 சேர்ந்து 9. நாலின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் கூடி 25, அதாவது ஐந்தின் வர்க்கம்! பித்தாகரஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஆர்வம் தாங்காமல் அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டேன்.

“அப்படியா தம்பி? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கம்பி இழுக்கணும்.”

ஊர் திரும்பி கேன்வாஸில் 25 புள்ளிகள் வைத்தேன். அவற்றைச் சுற்றி மகாலின் வளைவுகள் போகின்றன. வலது ஓரத்தை மாசி வீதி மாதிரி கோணலாக விட்டிருக்கிறேன். ஒரே ஒரு கம்பி மட்டும் சேரமாட்டேன் என்கிறது. மூன்று ஞாயிறுகளாக அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.