ஆயாவின் ஒட்டுப் புடவை

ஆயாவின் டிரங்குப் பெட்டியைப் போன தை மாதம்தான் திறந்தோம். அடியில் ஓர் அரக்குக் கட்டம் போட்ட பருத்திப் புடவை. தூக்கியதுமே மடிப்பில் மடிப்பில் விட்டுப்போனது. "மிதியடிக்குக்கூட ஆகாது, போட்டுடு" என்றார் சித்தி. எனக்கு மனசு வரவில்லை. அதைச் சரிசெய்ய எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

பாயில் விரித்துப் பார்த்தால் அது இரண்டு புடவை. கொசுவம் வருகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஒட்டு. முந்தானைப் பக்கம் ஒரு புடவையிலிருந்து, உள்சுற்று இன்னொன்றிலிருந்து. கட்டினால் ஒட்டு கொசுவத்துக்குள் போய்விடும். பழைய பாதி இடுப்பைச் சுற்றி உள்ளே மறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு முழுப் புடவைதான்.

ஆயா இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் தறியில் நின்றவர். இரண்டாம் உலக யுத்தத்தில் அங்கே இராணுவத்துக்குக் காக்கி ஓடியது. நாளெல்லாம் துணி நெய்கிறவர் வீட்டில் கட்டிக்கொள்ளத் துணி இல்லை. 1941-ல் ஜப்பானிலிருந்து வந்த துணி நின்றது. கைத்தறிக்காரருக்கும் மில் நூல்தான் வேண்டும். அது கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை. 1942 ஏப்ரலில் ஜப்பான் தாக்கும் என்ற பயத்தில் சென்னையே காலியானபோது ஆயா மூன்று புடவையோடு பொன்னேரிப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது மூன்றும் நைந்திருந்தன. 1943-ல் துணிக் கட்டுப்பாடு வந்து, துணியிலேயே விலையை முத்திரை குத்தினார்கள். ஆனால் முத்திரை விலைக்குக் கேட்டால் கடையில் சரக்கு இருக்காது, பின்பக்கம் பிளாக்கில் இருக்கும். அப்போதுதான் இரண்டை வெட்டி ஒன்றாக்கினார்.

இங்கிலாந்தில் அதே காலத்தில் துணிக்குக் கூப்பன். பழையதை எப்படி ஒட்டித் தைப்பது என்று அரசாங்கமே கையேடு போட்டது. ஆயாவுக்குக் கையேடு இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். முதலில் வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் அழுத்தினேன். சாயம் ஒட்டவில்லை. எங்கள் வண்ணாரப்பேட்டை போர்வெல் தண்ணீர் உப்பு, அதனால் கேன் தண்ணீர் வாங்கினேன். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரை வடிகட்டி, அகலமான தொட்டியில் ஊற்றினேன். புடவையைத் தனியாக முக்கக் கூடாது. நனைந்த கனத்திலேயே கிழியும். ஒரு பழைய பெட்ஷீட்டின் மேல் பரப்பி, ஷீட்டோடு இறக்கி, ஷீட்டோடு தூக்கினேன். கசக்கவில்லை, பிழியவில்லை. நாலு தண்ணீர் மாற்றியபின்தான் பழுப்பு நின்றது. மாடியில் நிழலில், படுக்கைவாக்கில் காயவைத்தேன்.

அப்புறம் டார்னிங், அதாவது பொத்தலை நூலால் பின்னி அடைப்பது. முதலில் போன கடையில் பின்னால் ஃபியூசிங் என்கிற பசைத் துணி வைத்து அயர்ன் பண்ணித் தருகிறேன் என்றார்கள். அந்தப் பசை துணியை அட்டையாக்கிவிடும் என்று எடுத்து வந்துவிட்டேன். அடுத்த இடத்தில், "இந்தக் கைத்தையலைப் பிரிச்சுட்டு மெஷின்ல நீட்டா போட்டுடலாம்." அதைக் கேட்டதும் எனக்கு உடம்பே பதறிவிட்டது. எனக்கு வேண்டியதே அந்தத் தையல்தான்.

கடைசியில் தங்கசாலைப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து டார்னிங் செய்யும் வயதான பாய் ஒருவர். புடவையை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். இரண்டு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, பொடிப்பொடியாகத் தைத்த தையல்.

"இது கடை நூல் இல்லம்மா. புடவையிலிருந்தே உருவின நூல். யாரு தச்சது?"

"எங்க ஆயா, பாய். யுத்த காலத்துல."

"இதைத் தொட மாட்டேன். சுத்தி இருக்கறதை மட்டும் பார்க்கறேன்."

அவரும் கடை நூல் போடவில்லை. இப்போதைய பாலியஸ்டர் நூல் பழம் பருத்தியை அறுத்துவிடுமாம். உள்சுற்று ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி, பாவும் ஊடுமாகக் கோத்தார். பெரிய பொத்தல்களுக்குப் பின்னால் மட்டும் மெல்லிய பழைய வேட்டித் துண்டு வைத்தார். மூன்று வாரம், 1,400 ரூபாய். அந்த வேலைக்கு அது குறைவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், கஞ்சி போட்டு வைக்காதீர்கள், பூச்சி வரும். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். தையல் இருந்தால் அழுக்காக இருந்தாலும் பிரிக்க விடாதீர்கள்.

புடவையைக் கட்ட முடியாது, அவ்வளவு பலம் இல்லை. அம்மா ஒருமுறை தோளில் மட்டும் போட்டுப் பார்த்தார். இப்போது வெள்ளை மல் துணியில் சுருட்டி பீரோவில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, காற்றாட விட்டு, ஒட்டு உள்பக்கம் வருகிற மாதிரித் திரும்பச் சுருட்டுகிறோம்.