நேர்முகப் பரீட்சையில் ‘வில்’ எங்கே வரக்கூடாது?

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நேர்முகப் பரீட்சையில் நம் பிள்ளைகளின் காலை வாருவது கடினமான சொல் ஏதும் அல்ல, ‘வில்’ என்ற சின்னச் சொல்தான்.

“தினமும் காலையில் காசை எண்ணுவேன்” என்று தமிழில் சொல்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் வழக்கம். அதையே “ஐ வில் கவுன்ட் த கேஷ் எவ்ரி மோர்னிங்” என்று சொன்னால், வேலை கிடைத்தபின் செய்யப்போவதைச் சொல்கிறீர்கள் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருட அனுபவம் அந்த ஒரு சொல்லில் போய்விடும். இப்போதும் செய்யும் வேலை என்றால் “ஐ கவுன்ட்”. விட்டுவந்த வேலை என்றால் “ஐ கவுன்டட்”. சிலர் ‘வில்’லுக்குப் பயந்து “ஐ யூஸ்ட் டு கவுன்ட்” என்பார்கள். அதற்கு ‘முன்பு எண்ணினேன், இப்போது இல்லை’ என்று அர்த்தம்.

அடுத்தது ‘சின்ஸ்’. “2021இலிருந்து வேலை செய்கிறேன்” என்ற தமிழை அப்படியே பெயர்த்தால் “ஐ ஆம் வர்க்கிங் சின்ஸ் 2021” என்று வரும். சரியானது “ஐ ஹேவ் பீன் வர்க்கிங் சின்ஸ் 2021”. ஒரு ஆண்டில் முடிந்துபோன விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் ‘ஹேவ்’ வேண்டாம்: “ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2022”. இந்த நான்கு வாக்கியங்களையும் உங்கள் சொந்த வேலையை வைத்து, வாய்விட்டு, நாக்கு பழகும்வரை சொல்லிப் பாருங்கள்.

சிவியில் ‘ரெஸ்பொன்சிபிள் ஃபோர் அக்கவுன்ட்ஸ்’ என்று எழுதுவதில் விஷயமே இல்லை. என்ன செய்தீர்கள், எத்தனை என்று எழுதுங்கள்: “ப்ரிப்பெயார்ட் மந்த்லி பேங்க் ரெக்கன்சிலியேஷன்ஸ் ஃபோர் த்ரீ அக்கவுன்ட்ஸ்” (மூன்று கணக்குகளுக்கு மாதாமாதம் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டு இணக்கக் கூற்றுத் தயாரித்தேன்). எழுதியதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். காசேட்டு மீதியும் வங்கிக் கூற்று மீதியும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டால், ‘அன்ப்ரெசென்டட் செக்ஸ்’ (எழுதிக் கொடுத்தும் இன்னும் வங்கிக்குப் போகாத காசோலைகள்), ‘பேங்க் சார்ஜஸ்’ என்ற இரண்டு சொற்களாவது உடனே வரவேண்டும். தொழிலுக்குரிய இந்த மாதிரிப் பத்துச் சொற்கள், அலங்காரச் சொற்கள் நூறைவிட உதவும்.

இங்கத்தைய வேலை விளம்பரங்களுக்கென்றே ஒரு ஆங்கிலம் இருக்கிறது. ‘டூ நொன்-ரிலேட்டட் ரெஃபரீஸ்’ என்றால் உறவினர் அல்லாத, உங்களை அறிந்த இருவர். மாமாவின் பெயர் உங்கள் பெயரோடு ஒட்டாமல் இருக்கலாம், அதற்காக அவரைப் போடாதீர்கள். தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும். பழைய மேலதிகாரி, விரிவுரையாளர், அதிபர் நல்லது. முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுப் பெயர், பதவி, இலக்கம், மின்னஞ்சல் எல்லாம் எழுதுங்கள். ‘கன்வாசிங்’ என்று வந்தால் சிபாரிசு பிடிப்பது. அது ‘டிஸ்குவாலிஃபிகேஷன்’ என்று போட்டிருந்தால், ஆள் வைத்துப் பேசினால் விண்ணப்பமே தள்ளுபடி. பதவியின் பெயரைக் கடித உறையின் ‘டொப் லெஃப்ட்-ஹேண்ட் கோர்னர்’இல் எழுதச் சொன்னால் இடது மேல் மூலை. மின்னஞ்சல் என்றால் அதையே தலைப்பு வரியில் போடுங்கள்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று: கூட வேலை செய்பவர் ‘கொலீக்’, படித்த இடம் ‘கொலிஜ்’. ‘மை கொலிஜ் ஹெல்ப்ட் மீ’ என்று சொன்னால் கதையே மாறிவிடும்.

‘நோட்டீஸ் பீரியட்’ எவ்வளவு என்று கேட்டால், பழைய இடத்துக்கு ஒரு மாதம் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டியவர் “இமீடியட்லி” என்று சொல்லக்கூடாது. “வன் மந்த்” என்று நேராகச் சொல்லுங்கள். ‘ப்ரொபேஷன்’ தகுதிகாண் காலம், ‘கன்ஃபர்மேஷன்’ அது முடிந்து நிரந்தரமாக்குவது. அந்தக் காலம் எத்தனை மாதம் என்று தாராளமாகக் கேட்கலாம்.

சம்பளப் பேச்சில்தான் கூடுதல் பேர் ஏமாறுகிறார்கள். ‘பேசிக்’ அடிப்படைச் சம்பளம், ‘க்ரொஸ்’ படிகளும் சேர்ந்த மொத்தம், ‘டேக்-ஹோம்’ பிடித்தது போகக் கைக்கு வருவது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8%, முதலாளியின் பங்கு 12%. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3% கட்டுவார், அதை உங்களிடம் பிடிக்கக்கூடாது. நிதி கணக்கிடப்படும் சம்பளம் 80,000 ரூபாய் என்றால் உங்களிடம் 6,400 கழியும். முதலாளி 9,600உம் 2,400உம் தன் பங்காகக் கட்டவேண்டும். ஆகவே ஒரு தொகையைச் சொன்னதும் தலையாட்டாமல் கேளுங்கள்: “இஸ் தட் த பேசிக் ஓர் த க்ரொஸ்?” பதில் ‘க்ரொஸ்’ என்றால் அடுத்த கேள்வி: “வட் இஸ் த பேசிக், ப்ளீஸ்?”