சிரட்டைத் தராசு

மலருக்கு எழுதச் சொல்லிச் சங்கத்தார் கேட்டதுமே எங்கள் ஒன்றாம் ஆண்டு டீச்சரின் சிரட்டைத் தராசுதான் கண்ணுக்குள் வந்தது. ஒரு கம்பு, இரண்டு தேங்காய்ச் சிரட்டை, கொஞ்சம் சணல் கயிறு. அவ்வளவுதான் அது.

நான் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தது 1999இல். புதிய கல்விச் சீர்திருத்தம் இலங்கை முழுக்க ஒன்றாம் ஆண்டுக்கு வந்த வருஷம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டாலும் செயற்பாட்டாலும் படிக்கட்டும், எழுத்து வேலை கொஞ்சம் இருந்தால் போதும் என்பது திட்டம். தலவாக்கலைப் பக்கத்தில் தடுப்புச் சுவர்கூட இல்லாத நம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட மண்டபத்தில் அதை நடத்திக் காட்டியவர் எங்கள் டீச்சர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருந்தார்.

அடுத்த வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்கும். நாங்கள் பாயில் உட்கார்ந்து டர்பன்டைன் மரத்துக் காய்களைப் பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டிருப்போம். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் நேரே வந்து, “என்னாங்க டீச்சர், புள்ள கொப்பியில ஒன்னுமே இல்லியே” என்று கேட்டுவிட்டார். “கொஞ்சம் பொறுங்கண்ணே, கொப்பிக்கும் வரும்” என்றார் டீச்சர்.

அப்புறம் ஒருநாள் தராசைச் சன்னல் கம்பியில் கட்டி, “இன்னைக்கு நாம மடுவம் விளையாடுவோம்” என்றார். மடுவம் என்றால் பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம். எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? பெண் பிள்ளைகள், கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் படங்குபோல இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். தேயிலையில் கை வைக்கக் கூடாது என்பதால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து மானாப்புல் பிடுங்கி வந்து, சின்னத் துணிப்பைகளில் அடைத்தோம். எடைக்கு ஒரே அளவான கூழாங்கற்கள். ஒரு பையன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, நிறுத்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை ஆனான்.

முதலில் வந்தவளின் பை ஏழு கல் நிறுத்தது. அவன் சத்தமாக “ஆறு” என்றான்.

“ஏழு கல்லு இருக்கே!”

“தண்ணிக்கு ஒன்னு கழிச்சிட்டேன்.”

“வெயிலடிக்குது, தண்ணி எங்கடா இருக்கு?”

“அப்ப சாக்குக்கு.”

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் கெட்டவன் இல்லை. தினமும் மடுவத்தில் பார்த்ததை அப்படியே செய்தான். டீச்சர் அவனைத் திட்டவில்லை. கரும்பலகையில் 7 − 1 = 6 என்று எழுதிவிட்டு, “சாக்குக்கு ஒன்னுன்னா, சாக்கை நிறுத்துப் பாத்துருவோமே” என்றார். பையைக் கவிழ்த்துப் புல்லைக் கொட்டி, வெறும் பையை ஒரு சிரட்டையிலும் ஒரே ஒரு கல்லை மற்றதிலும் வைத்தார். கல் பக்கம் ‘டக்’கென்று கீழே போனது. பை மேலே நின்று ஆடிக்கொண்டிருந்தது.

நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு நின்றே போனது. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. கழித்தல் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பைதான் ஆடுகிறது. எடுத்தது எவ்வளவு, எடுக்க வேண்டியது எவ்வளவு என்று அன்றைக்கே எங்களுக்குக் காட்டிவிட்டார் டீச்சர். இன்று பெரிய நகரங்களில் பெரிய கணக்குகள் பார்க்கும் நம்மவர்கள் சிலர் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

அன்று சாயங்காலம் அம்மாவோடு கொழுந்து மடுவத்துக்குப் போனேன். அம்மாவின் சாக்கைத் தராசில் மாட்டியதும் முள் ஆடி நின்றது. எண்களை எழுத்துக்கூட்டுவதுபோலப் பார்த்து, “பதினெட்டு!” என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையைக் கிள்ளினார். துண்டுச் சீட்டில் 16 என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வழியெல்லாம் அம்மா பேசவில்லை. வீட்டுக் காம்பராவுக்குள் வந்து அடுப்பு மூட்டிய பிறகு, “பதினெட்டுல பதினாறு போனா எவ்ளோ?” என்று மெதுவாகக் கேட்டார். காற்சட்டைப் பையிலிருந்த டர்பன்டைன் காய்களைத் தரையில் கொட்டி, பதினெட்டு எண்ணி, அதிலிருந்து பதினாறைத் தள்ளி வைத்தேன். மிச்சம் இரண்டு கிடந்தன. அம்மா அந்த இரண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.