பெரிய வெள்ளிக்குள் ஓடணும்

ஏப்ரல் 4, வெள்ளி
பெரியம்மாவின் சிட்டி கோல்ஃப் கார், 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர். பெரியம்மா சொன்னது மூன்று: நூறில் ஸ்டீயரிங் உதறுது, ஏற்றத்தில் இழுக்கலை, ரோபோட்டில் (டர்பனில் சிக்னலுக்கு அந்தப் பேர்) பச்சை விழுந்து எடுக்கும்போது வண்டியே குலுங்குது. பார்த்தவர்கள் எல்லோரும் கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 5, சனி
என்2 நெடுஞ்சாலையில் ஓட்டினேன். 95-இல் உதறல் தொடங்கி 105-க்கு மேல் குறைகிறது. ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதே வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். உதறல் மாறவில்லை. அப்படியென்றால் இன்ஜினும் கிளட்சும் காரணமில்லை, சக்கரம்தான். இடது முன் ரிம்மில் பேலன்ஸ் ஈயம் விழுந்த இடம் சதுரமாகப் பளபளத்தது. பேலன்ஸ் செய்ததும் ஸ்டீயரிங் அடங்கிவிட்டது.

ஆனால் 60-இல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் தரையில் இன்னொரு நடுக்கம். காலை எடுத்தால் இல்லை. பாரம் ஏறும்போது மட்டும் வருகிறது என்றால் உள்பக்க சிவி ஜாயிண்டைத்தான், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் ஆக்சிலை இணைக்கும் மூட்டைத்தான், முதலில் பார்க்கணும்.

ஏப்ரல் 6, ஞாயிறு
மழை. வண்டிக்கு அடியில் போக முடியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்
வலது ஆக்சிலைக் கழற்றினேன். ஜாயிண்டுக்கு ஆறு போல்ட், பன்னிரண்டு முனை உள்ள 8 மில்லி பிட். போல்ட் தலைக்குள் வருஷக்கணக்கான கிரீஸும் மண்ணும் இறுகிக் கிடக்கும். அதைச் சின்ன ஆணியால் குடைந்து, கிளீனர் அடித்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி அடி வரை இறக்கிய பிறகே திருப்பணும். அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும், அப்புறம் ஒரு போல்ட்டுக்கே ஒரு நாள் போகும்.

ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை, பூட், கிழிந்திருக்கிறது. குண்டு ஓடும் தடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி. புது ஜாயிண்ட், புது பூட். போல்ட் 45 நியூட்டன் மீட்டர். நடுக்கம் போச்சு.

ஏப்ரல் 9, புதன்
ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம். நாலாவது கியரில் முழுசாக அழுத்தினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பிளேட் வழுக்குகிறது.

கேபிள் ரொம்ப இறுகியிருந்தாலும் இப்படி வழுக்கும், அதனால் அதை முதலில் பார்த்தேன். மிதியில் 20 மில்லி ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் பிடிக்கும் முன் மிதி சும்மா இறங்கும் தூரம். சரியாகத்தான் இருக்கிறது. குலுக்கலுக்கு இன்ஜினைத் தாங்கும் முன்பக்க ரப்பர் மவுண்டும் காரணமாகலாம். ஹேண்ட்பிரேக் போட்டுத் தம்பியைக் கிளட்சை மெல்ல விடச் சொல்லி பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜின் பெரிதாக ஆடவில்லை. மவுண்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் ஒரு சொட்டு எண்ணெய்.

ஏப்ரல் 11, வெள்ளி
கியர்பாக்ஸ் இறங்கியது. அந்த எண்ணெயை விரலில் தொட்டு மோந்தேன். இன்ஜின் ஆயில் கறுப்பாகக் கருகல் வாடை அடிக்கும். இது கந்தக நாற்றம், கியர் ஆயில்தான்.

இந்த கியர்பாக்ஸின் அமைப்பு மற்ற வண்டிகள் மாதிரி இல்லை. பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் இன்ஜினின் கிராங்கில் நேராக முடுக்கியிருக்கும், ஃப்ளைவீல் அதன் மேல் வெளியே. கிளட்சைத் தள்ளும் புஷ் ராட், கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட்டின் உள்ளேயே ஓடும். மிதித்தால் அந்த ராடைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் மறுமுனையில், தகர மூடிக்குப் பின்னால் இருக்கிறது. அதை மட்டும் மாற்ற கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம். ராடைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் சின்ன ரப்பர் சீல் தேய்ந்தால் எண்ணெய் ராட் வழியே ஊர்ந்து வந்து பிளேட் நடுவில் தெறிக்கும். பிளேட்டில் நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடு கோடாக ஓடிய கறையைப் பார்த்தேன். வழுக்கலும் குலுக்கலும் இதே எண்ணெயால்தான்.

சீலை விட்டுவிட்டு பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் நனையும். எத்தனை பேர் இப்படி இரண்டு முறை பணம் கொடுத்திருப்பார்கள்! நினைத்தாலே மனசு கொதிக்கிறது.

ஏப்ரல் 12, சனி
சீல் வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று
பெரியம்மா பாயசம் அனுப்பினார். கூடவே கேள்வி: பெரிய வெள்ளிக்கு, டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகலாமா? பதில் சொல்லவில்லை. சீல் வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்
வந்தது. புஷ் ராட் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், கிராங்க் சீல் மூன்றும் போட்டாயிற்று. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது சீலில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. ஃப்ளைவீல் முகத்தில் சூட்டால் வரும் நீலத் திட்டு இல்லை, நல்லவேளை. பிளேட்டை நடுவாக்கி, ஒன்பது போல்ட்டையும் எதிரெதிராக 20 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன்.

ஏப்ரல் 16, புதன்
கியர்பாக்ஸ் ஏறியது. ஆயில் 2 லிட்டர், ஜிஎல்-4, 80 கிரேடு. கடையில் ஜிஎல்-5 நீட்டினார்கள், வாங்கவில்லை. கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அது அரிக்கக்கூடும். மிதியைப் பத்துப் பன்னிரண்டு தரம் அமுக்கிவிட்டு ஃப்ரீ பிளே மறுபடி அளந்தேன், 18. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. ஏற்றத்தில் வழுக்கல் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்
காலையில் ஐடிலில் மெல்லிய கரகரப்பு. மிதியை மிதித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது. ரிலீஸ் பேரிங் என்றால் மிதிக்கும்போதுதான் சத்தம் வரணும். இது இன்புட் ஷாஃப்ட் பேரிங். நாளைக்கு இசிப்பிங்கோ போய்வரத் தாங்கும். பெரியம்மாவிடம் சொல்லணும்.