முதல் மூன்று ஸ்பூன் பால்: ஹாட் சாக்லேட் செய்து பார்த்த அனுபவம்

ஐந்து வாரமாக ஒரு நோட்டில் ஹாட் சாக்லேட்டைப் பற்றி மட்டும் எழுதி வருகிறேன். பால் எவ்வளவு, சாக்லேட் எத்தனை கிராம், எது முதலில் போனது, குடித்தபோது எப்படி இருந்தது என்று கப்புக்கு நாலு வரி. நேற்றோடு பத்தொன்பது கப் ஆயிற்று. எனக்கு வேண்டியது இதுதான்: ஸ்பூனை எடுத்தால் அதன் முதுகில் மெல்லிசாகப் பூசினாற்போல் ஒட்டி நிற்க வேண்டும், வாயில் வழுவழுவென்று இறங்க வேண்டும், கடைசி வாய் வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

முதல் கப்பில் கொதித்த பாலில் இரண்டு ஸ்பூன் கோகோ பவுடரை நேராகக் கொட்டினேன். பவுடர் பாலின் மேலேயே மிதந்தது. கிண்டக் கிண்டக் குட்டி உருண்டைகளாகத் திரண்டது. ஒன்றை எடுத்து ஸ்பூனால் நசுக்கிப் பார்த்தேன். வெளியே பளபளவென்று ஈரம், உள்ளே காய்ந்த பொடி அப்படியே இருந்தது. கோகோவில் கொழுப்பு இருப்பதால் தண்ணீர் அதில் சட்டென்று ஏறாது. அதிலுள்ள மாவுச்சத்தோ சூடு பட்டதும் உப்பி, வெளிப்பக்கம் ஒரு தோல் மாதிரி மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் எவ்வளவு கிண்டினாலும் உள்ளே ஈரம் போகாது. பெரிய உருண்டைகளை நசுக்கிவிட்டுத் தங்கையிடம் கொடுத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு, "வாசனை நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா தண்ணியா இருக்கு. கடைசி வாய் மட்டும் மண்ணு மண்ணா வருது" என்றாள். இரண்டையும் அப்படியே நோட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் இந்த இரண்டு குறையையும் தீர்க்கத்தான்.

மண் சீக்கிரமே தீர்ந்தது. கோகோவையும் சர்க்கரையையும் முதலில் உலர்வாகவே கலந்துவிட வேண்டும். சர்க்கரைப் பரல்கள் நடுவில் புகுந்து கோகோவை ஒன்றோடொன்று ஒட்ட விடாமல் பிரித்து வைக்கின்றன. பிறகு இரண்டே ஸ்பூன் வெந்நீர் விட்டு, ஸ்பூனின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்து விழுதாக்க வேண்டும். முதலில் மொரமொரவென்று இழுபடும், அரை நிமிடத்தில் கறுத்து மின்னத் தொடங்கும். அந்த மினுமினுப்பு வந்த பிறகுதான் அடுத்த ஸ்பூன் வெந்நீர். இப்படிக் கரைத்ததை அடுப்பில் சிம்மில் ஒரு நிமிடம் குமிழ் விட வைத்தேன். பச்சை வாசனை போய் வறுத்த வாசனை எழுந்தது. ஹாட் சாக்லேட்டை கோகோவில் மட்டுமே செய்கிறவர்கள் இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடக் கூடாது.

ஆனால் தண்ணியாக இருப்பது அப்படியே இருந்தது. கோகோவைக் கூட்டினால் கசப்புதான் கூடியது, அடர்த்தி ஏறவில்லை. காரணம் கோகோ பவுடரின் பிறப்பிலேயே இருக்கிறது. கோகோ விதையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் 1828-இல் விதையை அழுத்திக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பிழிந்த பின் மிஞ்சிய கட்டியைப் பொடித்ததுதான் கோகோ பவுடர். சாதாரணமாகக் கிடைக்கும் பவுடரில் பத்து, பன்னிரண்டு சதவீதம்தான் கொழுப்பு நிற்கும். பாலில் எளிதாகக் கரைய வேண்டும் என்பதற்காகவே எடுத்துவிட்ட ஒன்றை நான் அதே பவுடரில் தேடிக்கொண்டிருந்தேன். வழுவழுப்பு வேண்டுமானால் சாக்லேட் கட்டிக்குத்தான் போக வேண்டும்.

நாலாவது கப்புக்கு 70 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட் வாங்கினேன். இங்கே ஒரு வார்த்தை: வாங்கும்போது பின்பக்கம் பொருள் பட்டியலைப் படியுங்கள். கோகோ விதையின் கொழுப்பான கோகோ பட்டர் இருந்தால் அது சாக்லேட். அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்ட் கட்டியில் செய்த ஒரு கப் குடித்து முடித்து வெகு நேரம் வரை மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கோகோ பட்டர் நம் உடல் சூட்டுக்குச் சற்றே கீழே, 34 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். அதனால்தான் வாயில் தங்காமல் வழுக்கிப் போகிறது. பேக்கிங்கில் உருவம் குலையாமல் நிற்பதற்கென்று செய்யும் சாக்லேட் சிப்ஸில் பெரும்பாலும் கோகோ பட்டர் குறைவு. இதற்கு அது தோதுப்படாது.

நல்ல கட்டி கையில் வந்தும் முதல் தடவை சரியாக வரவில்லை. பொங்கும் பாலில் துண்டுகளைப் போட்டு வேகமாகக் கலக்கினேன். கரைந்தது. ஆனால் மேலே சின்னச் சின்ன எண்ணெய்க் கண்கள். பாலில் கறுப்புப் புள்ளிகள் தூவினாற்போல் ஒரு சீரில்லாத நிறம். குடித்தால் முதல் வாய் கொழுப்பாகவும் அடியில் வெறும் பாலாகவும் இருந்தது.

அடுத்த தடவை சாக்லேட்டை மட்டும் தனியாக உருக்கிவிட்டுப் பிறகு பால் சேர்க்கலாம் என்று வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்தேன். அழகாக உருகியது. அந்த நேரம் கீழிருந்த ஆவி தண்ணீராகி ஓரத்தில் வழிந்து கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டது. சில சொட்டுதான். கண் முன்னாலேயே சாக்லேட் சுருங்கி, மங்கி, ஈர மணலைப் போலத் திரண்டு ஸ்பூனோடு எழும்பி வந்தது. நாற்பது கிராம் நல்ல சாக்லேட். மனசு ஆறவில்லை. தூக்கிப் போடாமல் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பாலில் ஒரு ஸ்பூன் எடுத்து அதில் விட்டுக் கிண்டினேன். இன்னும் கெட்டியானது. இரண்டாவது ஸ்பூன். அதே கதி, ஆனால் ஓரம் லேசாக இளகியது. மூன்றாவது ஸ்பூன் விட்டு நடுவிலிருந்து சின்ன வட்டமாகச் சுற்றினேன். வட்டத்தின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கரிய கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு தோன்றியது. சுற்றச் சுற்ற அது பெரிதாகி, வெளியே கிடந்த மணலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, கிண்ணம் முழுக்க ஒரே பளபளப்பாக நின்றது. ஸ்பூனைத் தூக்கினால் ரிப்பன் போல மடிந்து மடிந்து விழுந்தது. அதில் மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். எண்ணெய்க் கண் ஒன்றுகூட இல்லை. ஐந்து வாரத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பத்து நிமிடம் அதுதான்.

என்ன நடந்தது என்று பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். உருகிய சாக்லேட் என்பது கொழுப்பு. அதற்குள் சர்க்கரையும் கோகோத் துகளும் உலர்வாகத் தொங்குகின்றன. சில சொட்டுத் தண்ணீர் பட்டால் சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு நனைந்து ஒன்றையொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதனால் திரிகிறது. தண்ணீர் போதுமான அளவு சேர்ந்தால் சர்க்கரை அதில் கரைந்துவிடும். கொழுப்பு சின்னத் துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் பரவி நிற்கும். கோகோவில் இருக்கும் துகள்களும், கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் இருக்க சாக்லேட்டில் சேர்க்கும் லெசிதின் என்கிற பொருளும், பாலின் புரதமும் அந்தத் துளிகள் மீண்டும் ஒன்று சேராமல் பார்த்துக்கொள்ளும். திரவம் குறைவாக இருக்கும்போது, கலவை கெட்டியாக இருக்கும்போது கலக்கினால்தான் துளிகள் நன்றாக உடையும். பால் முழுவதும் ஒரேயடியாக இருந்தால் ஸ்பூன் வழுக்கிக்கொண்டு சுற்றும், கொழுப்பு உடையாது. எண்ணெய்க் கண்கள் வந்த கப்பில் நடந்தது அதுதான்.

அன்றிலிருந்து சாக்லேட்டைத் தனியாக உருக்குவதையே விட்டுவிட்டேன். பொடியாக நறுக்கிய சாக்லேட்டைக் கனமான கப்பில் போட்டு, சூடான பாலில் மூன்று ஸ்பூன் மட்டும் மேலே விட்டு, ஒரு நிமிடம் தொடாமல் விட வேண்டும். பிறகு நடுவிலிருந்து சுற்ற வேண்டும். மினுமினுப்பு வருகிற வரை அடுத்த பால் கிடையாது.

பிறகு ஒரு வாரம் கெட்டித்தன்மைக்காகச் செலவானது. முதலில் பாலில் கால் பங்கைக் குறைத்து க்ரீம் சேர்த்தேன். வாய் நிறைந்தது, சாக்லேட்டின் குரல் அமுங்கிப்போனது. பழப் புளிப்பு, வறுத்த வாசனை எல்லாம் ஒரு போர்வைக்குள் போய்விட்டன. எதிர்ப்பக்கம் போய்ப் பால் இல்லாமல் வெறும் வெந்நீரிலும் ஒரு கப் செய்தேன். இதைச் சொன்னால் பலரும் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் செய்து பாருங்கள். 70 சதவீத சாக்லேட் 50 கிராமுக்கு 120 மில்லி வெந்நீர், அதே மூன்று ஸ்பூன் முறையில். ஒரு கட்டியை வாயில் போட்டுக் கரைத்தால் வரும் ருசி ஒளிவுமறைவில்லாமல் அப்படியே வரும். சின்னக் கப்பில் குடிக்க வேண்டியது அது. க்ரீம் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

பிறகு சோள மாவு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும் அளவுக்குக் கெட்டியாகச் செய்வதற்கு மாவுச்சத்துதான் துணை. 200 மில்லி பாலுக்கு இரண்டு டீஸ்பூன் போட்டேன். ஆறுவதற்குள் புட்டிங் ஆகிவிட்டது. ஒரு டீஸ்பூன் போட்டபோது கெட்டி சரியாக இருந்தும் மாவு ருசி நாக்கில் நின்றது. அந்தத் தடவை பால் கெட்டியானதுமே அவசரப்பட்டு இறக்கியிருந்தேன். சோள மாவு 65, 70 டிகிரியிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும், ஆனால் கொதி வந்து ஒரு நிமிடம் வெந்தால்தான் பச்சை ருசி போகும். கடைசியில் அரை டீஸ்பூனில் வந்து நின்றேன். குளிர்ந்த பாலில் கரைத்து, அடுப்பில் இருக்கும் பாலில் ஊற்றி, கொதிக்க விட்டு, அதன் பிறகே சாக்லேட்டிடம் கொண்டுபோகிறேன். மாவு இருப்பதே தெரியாது. அடியில் கோகோ படியாமல் தாங்கிப் பிடிக்கும் வேலையை அதுதான் செய்கிறது.

உப்பைப் பற்றி ஒரே வரி: ஒரு சிட்டிகை போட்ட கப்பையும் போடாத கப்பையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் போடாததில் கசப்பு முன்னால் வந்து நிற்கும்.

சாக்லேட்டோடு ஒரு ஸ்பூன் கோகோ பவுடரும் சேர்த்தால் நிறமும் ஆழமும் கூடும் என்று தெரிந்ததும் இரண்டு வகைப் பவுடரையும் ஒப்பிட்டேன். அல்கலி எனும் காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு முறைக் கோகோ கருஞ்சிவப்பாக இருக்கும், புளிப்பு மட்டுப்பட்டிருக்கும். பதப்படுத்தாத இயல்பான கோகோ வெளிர்பழுப்பு, புளிப்பு தூக்கலாக இருக்கும். பாலோடு டச்சு வகையும், வெந்நீரோடு இயல்பான வகையும் எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கைக்கு இரண்டிலுமே டச்சு.

நுரையை நான் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். மத்திய அமெரிக்காவின் பழைய மக்கள் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு மாயா மண்குவளை இருக்கிறது. ஏறக்குறைய 1,300 ஆண்டுப் பழையது. அதன் ஓவியத்தில் ஒரு பெண் நின்றுகொண்டு, சாக்லேட் பானத்தை ஒரு குவளையிலிருந்து கீழே இருக்கும் இன்னொரு குவளைக்கு உயரத்திலிருந்து ஆற்றுகிறாள். நுரைக்காகத்தான். பிற்காலத்தில் மொலினிய்யோ என்கிற மர மத்து வந்தது. இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சுழற்றுவது. அந்தக் குவளையின் படத்தைப் பார்த்த பிறகு நானும் ஆற்றிப் பார்த்தேன். நுரை கட்டிய கப்பில் ஆடை படியவில்லை. பாலின் புரதம் மேற்பரப்பில் காய்ந்து ஆடையாவதை நுரை தடுத்துவிடுகிறது. சூடும் குடிக்கும் பதத்துக்கு இறங்கிவிடுகிறது, கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்கு மரத்து வாசனை பிடிபடாது. கை பிளெண்டரிலும் ஒரு தடவை அடித்தேன். அடித்த கப் இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது, கொழுப்புத் துளிகள் மேலும் சின்னதாகிவிடுவதால். ஆனால் தினமும் அதைக் கழுவப் பொறுமையில்லாததால் விஸ்க் என்கிற கம்பி மத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது ஒரு கப்புக்கு நான் போடும் அளவு: முழுக் கொழுப்புப் பால் 200 மில்லி, 70 சதவீத டார்க் சாக்லேட் 40 கிராம், கோகோ பவுடர் ஒரு டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், சோள மாவு அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கோகோ, சர்க்கரை, உப்பு மூன்றையும் உலர்வாகக் கலந்து, இரண்டு ஸ்பூன் வெந்நீரில் விழுதாக்கி, சிம்மில் ஒரு நிமிடம். அதில் மூன்று ஸ்பூன் தவிர மீதிப் பாலை ஊற்றி, அந்த மூன்று ஸ்பூனில் சோள மாவைக் கரைத்துச் சேர்த்துக் கொதி வர விட வேண்டும். அடிகனமான பாத்திரமாக இருக்கட்டும், ஸ்பூன் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், அடிபிடித்தால் அந்த வாசனையை எதுவும் மறைக்காது. அடுப்பை அணைத்ததும் இதிலிருந்து மூன்று ஸ்பூனை நறுக்கிய சாக்லேட்டின் மேல் விட்டு மினுமினுப்பு வரச் செய்து, மீதியை மூன்று தவணையாகச் சேர்த்து ஆற்ற வேண்டும்.

பதினெட்டாவது கப் தற்செயலாக நடந்தது. இரண்டு பேருக்குச் செய்ததில் ஒரு பங்கு மிஞ்சி, மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலை அது தயிர் போல உறைந்திருந்தது. சின்னத் தீயில் விஸ்க்கால் அடித்துக்கொண்டே சூடாக்கினேன். முந்தைய நாளைவிட ஒரு சுற்று அடர்த்தியாக, பட்டு மாதிரி வந்தது. இரவு முழுக்கக் கோகோத் துகள்கள் பாலில் நன்றாக ஊறிவிடுகின்றன. தங்கை குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கப்பைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். படிவு இல்லை. "அக்கா, இனிமே முந்தின நாளே செஞ்சு வெச்சிடு" என்றாள்.

அதனால் பத்தொன்பதாவதை நேற்று இரவே செய்து இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் சோள மாவு உண்டு, ஒன்றில் இல்லை. ஊறுவதே போதும் என்றால் மாவை நிறுத்திவிடலாம். இரண்டு பாட்டிலும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. மூடியில் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன், சாயங்காலம் சூடாக்கிப் பார்க்க வேண்டும்.